பனியில் கோடு தெரியுமா? கைத்துப்பாக்கி லேசர் சைட் பற்றி

வண்டன்மேடு ஏலக்காரர்:
“தற்காப்புக்குக் கைத்துப்பாக்கி வைத்திருப்பவர் குறியின்மேல் ஒளிப்புள்ளி விழச் செய்யும் லேசர் சைட் பொருத்திக்கொண்டால் போதும், சிவப்புப் புள்ளி நெஞ்சில் விழுந்ததுமே வந்தவன் ஓடிவிடுவான்” என்று முதலமடைத் தோப்பு நேற்று எழுதியிருப்பதைப் படித்துவிட்டு என்னால் சும்மா இருக்க முடியவில்லை. தெளிந்த காற்றில் புள்ளி மட்டும்தான் தெரியும். ஆனால் எங்கள் மலையில் ஆனி பிறந்துவிட்டால் ஏலச்செடிகளுக்கு நடுவே இறங்கும் பனியில் நீர்த்துளிகள் ஒளியைச் சிதறடித்து, துப்பாக்கி முனையிலிருந்து முழுக் கோட்டையே காட்டிவிடும். அந்தக் கோட்டின் ஒரு நுனியில் திருடன் இருந்தால் மறு நுனியில் நான் இருக்கிறேன். நான் நிற்கும் இடத்தை நானே அவனுக்குச் சொல்ல வேண்டுமா?

முதலமடைத் தோப்பு:
ஐயா, எனக்கு வயது 58. துப்பாக்கியின் மேல் குறிபார்க்க இருக்கும் பின் சைட், முன் சைட், எதிரில் நிற்பவன் ஆகிய மூன்றையும் ஒரே நேரத்தில் தெளிவாகப் பார்க்க இந்தக் கண்ணால் முடியாது. லேசர் இருந்தால் எதிரில் நிற்பவனை மட்டும் பார்த்தால் போதும். கீழே விழுந்து கிடந்தாலும், துப்பாக்கியைக் கண்மட்டத்துக்கு உயர்த்த முடியாமல் போனாலும் குண்டு எங்கே போகும் என்பது தெரியும். எங்கள் மாந்தோப்பில் உங்கள் மலைப்பனி கிடையாது.

வண்டன்மேடு ஏலக்காரர்:
நான் கேட்டது உங்கள் கண்ணைப் பற்றியல்ல. பனியில் கோடு தெரியுமா, தெரியாதா?

குமுளி முன்னாள் படைவீரர்:
இருவருமே அடிப்படையை விட்டுவிட்டீர்கள். லேசர் குழலுக்கு 2.5 சென்டிமீட்டர் கீழே இருக்கிறது என்றும், 7 மீட்டரில் புள்ளியும் குண்டும் சேரும்படி திருத்தியிருக்கிறது என்றும் வைத்துக்கொள்ளுங்கள். குண்டு நேர்கோட்டில் போவதாகக் கொண்டால், 14 மீட்டரில் அது புள்ளிக்கு 2.5 சென்டிமீட்டர் கீழேயும், 21 மீட்டரில் 5 சென்டிமீட்டர் கீழேயும் படும். அது சிறிய பிழைதான். பெரிய பிழை கையில் இருக்கிறது: புள்ளி நடுங்குவதைக் கண்டவர் அது சரியான இடத்துக்கு வரும் நொடியைப் பிடிக்க நினைத்து விசையை வெடுக்கென்று இழுத்துவிடுவார். அதே நடுக்கத்தைக் குண்டில்லாத துப்பாக்கியை வீட்டுச் சுவரில் குறிவைத்துப் பழகுபவர் பார்த்தால், விசையிழுப்பில் உள்ள குறையைத் திருத்திக்கொள்ளலாம். லேசரால் எனக்குத் தெரிந்த மெய்யான பயன் அதுதான்.

வண்டன்மேடு ஏலக்காரர்:
படைவீரர் என்ற மதிப்பு எனக்கு உண்டு. ஆனால் சென்ற ஆண்டு டார்ச் விளக்கைப் பற்றிய விவாதத்திலும் இவர் இப்படித்தான் கணக்கைச் சொல்லிக் கேள்வியைத் தாண்டிப் போனார். அதை நான் மறக்கவில்லை. மழை ஈரம் லேசரின் கண்ணாடியில் பட்டால் புள்ளியே கலங்கிப் பரவிவிடும் என்பதையும் சேர்த்துக்கொள்ளுங்கள்.

முதலமடைத் தோப்பு:
சிவப்பு பகல் வெயிலில் மங்கிவிடும் என்பதை ஒப்புக்கொள்கிறேன். அதற்குத்தான் பச்சை வந்திருக்கிறது. பகலில் மனிதக் கண்ணுக்கு மிகக் கூர்மையாகத் தெரிவது 555 நானோமீட்டர் அலைநீளமுள்ள ஒளி. 532 நானோமீட்டர்ப் பச்சை அதற்கு அருகில் இருப்பதால், அதே திறனுள்ள சிவப்பைவிட நன்றாகத் தெரிகிறது.

வண்டன்மேடு ஏலக்காரர்:
அப்படியானால் பனியில் பச்சைக் கோடு இன்னும் நன்றாகத் தெரியும். என் வாதத்தை நீங்களே எழுதிக் கொடுத்துவிட்டீர்கள்.

கொழிஞ்சாம்பாறை வாசகர்:
புள்ளியை ஒருவர் நெஞ்சில் வைப்பது என்றால் துப்பாக்கியை அவர்மேல் நீட்டியாகிவிட்டது என்று பொருள். இரவில் வரப்பில் வருபவர் வாய்க்கால் தண்ணீரைத் திருப்ப வந்த பக்கத்துத் தோப்புக்காரராக இருந்தால் என்ன செய்வீர்கள்? உயிரைப் பறிக்கும் அளவுக்குத் தற்காப்பு செல்ல, உயிருக்கோ கொடுங்காயத்துக்கோ நியாயமான அச்சம் போன்ற கடுமையான நிலை இருக்க வேண்டும் என்று இந்தியத் தண்டனைச் சட்டத்துக்குப் பதிலாக வந்த பாரதிய நியாய சன்ஹிதாவின் 38-ஆம் பிரிவு சொல்கிறது. மிரட்டி ஓட்டுவதற்காகத் துப்பாக்கியை நீட்டுவதை என்னால் ஏற்க முடியாது.

முதலமடைத் தோப்பு:
தம்பி, உங்களிடம் லைசென்ஸ் உண்டா? தேர்தல் வரும்போதெல்லாம் என் .32 ரிவால்வரைக் காவல் நிலையத்தில் ஒப்படைத்துத் திரும்பப் பெறுகிறவன் நான். 2019-இல் ஒருவர் மூன்று துப்பாக்கி வைத்துக்கொள்ளலாம் என்பதை இரண்டாகக் குறைத்தபோது ஒன்றைக் கொடுத்தும் விட்டேன். சட்டம் எனக்குத் தெரியும்.

கொழிஞ்சாம்பாறை வாசகர்:
லைசென்ஸ் இல்லாதவன் கேட்டாலும் கேள்வி கேள்விதான். வரப்பில் நடப்பவன் நான்.

குமுளி முன்னாள் படைவீரர்:
டார்ச் விவாதத்தில் நான் கேள்வியைத் தாண்டவில்லை. ஆளை அடையாளம் காண முதலில் வெளிச்சம் வேண்டும் என்று சொன்னேன். இப்போது தம்பி கேட்பதற்கும் அதுதான் பதில். லேசர் யாருடைய முகத்தையும் காட்டாது.

வண்டன்மேடு ஏலக்காரர்:
டார்ச் வெளிச்சமும் பனியில் வெள்ளைச் சுவராகத் திரும்பி நம் கண்ணில்தான் அடிக்கும். முதலமடையார் ஆடியில் ஓர் இரவு என் தோட்டத்துக்கு வரட்டும். துப்பாக்கி வேண்டாம், லேசரை மட்டும் கழற்றிக்கொண்டு வரட்டும். கோடு தெரிகிறதா என்று பார்த்துவிடலாம்.

முதலமடைத் தோப்பு:
வருகிறேன். அதற்கு முன் நீங்கள் மாசியில் ஒரு நாள் அந்தி சாயும் நேரத்தில் என் தோப்புக்கு வந்து, என் மூக்குக்கண்ணாடியைப் போட்டுக்கொண்டு முன் சைட் எங்கே இருக்கிறது என்று காட்டுங்கள்.

வண்டன்மேடு ஏலக்காரர்:
மறுபடியும் கண்ணாடிக்கே போய்விட்டீர்கள். நான் பனியைக் கேட்டேன்.