புதுப்பிப்பு: சிங்கப்பூர் சாங்கி விமான நிலையத்தில் புதுப் பெட்டி வாங்கியாச்சு

திருச்சிக்குக் கிளம்பிய அன்று டாக்சியிலிருந்து இறக்கும்போதே பெட்டியின் சக்கரம் கழன்று ஓரமும் பிளந்துவிட்டது. கயிறு கட்டிச் சமாளிக்கவா, விமான நிலையத்திலேயே புதிதாக வாங்கவா என்று கேட்டிருந்தேன். புதிதாகவே வாங்கிவிட்டேன். பதில் சொன்ன எல்லாருக்கும் ரொம்ப நன்றி.

குடிநுழைவை (பாஸ்போர்ட் சோதனையை) தாண்டும் முன்பே வாங்கிவிடுங்கள். உள்ளே போனபின் பெரிய பெட்டியைச் செக்-இன் சாமானாகப் போட வழியில்லை. விலை ஊருக்குள் விற்பதைவிடக் கூடுதல்தான், ஆனாலும் கொடுக்கலாம். கடைக்கார அக்கா முதலில் காட்டிய பெட்டி பளபளவென்று இருந்தது, ஆனால் காலியாகவே 5 கிலோ! அந்த எடையும் விமானத்தில் நமக்கு அனுமதித்த எடைக் கணக்கில்தான் சேரும். அதனால் லேசான துணிப்பெட்டியை எடுத்தேன். சக்கரத்தோடு நீளம், அகலம், உயரம் மூன்றையும் கூட்டினால் 158 செ.மீ.க்குள் இருக்கிறதா என்றும் பார்த்துக்கொள்ளுங்கள்.

பெட்டியின் எண் பூட்டு 000-வில் இருந்தது. பக்கத்துச் சின்னப் பொத்தானைப் பேனா முனையால் அழுத்தி கடைக்கார அக்கா எண்ணை மாற்றிக் கொடுத்தார். அப்புறம் தரையிலேயே உட்கார்ந்து அடுக்கினேன், கனமான மைலோ (பானத் தூள்) டின்கள் சக்கரப் பக்கம். அவசரத்தில் பவர் பேங்க் பெட்டிக்குள் போய்விடும், அதைக் கைப்பையில் வையுங்கள்.

திருச்சியில் பெட்டி பத்திரமாக வந்தது. யாருக்காவது உடைந்து வந்தால் அங்கேயே விமான நிறுவனத்திடம் புகார் எழுதிக் கொடுங்கள், தவறினாலும் 7 நாளுக்குள் எழுத்தில் கொடுத்தாக வேண்டும்.