காபிக்குச் சீனி: கருப்பட்டியா, மாத்திரையா, வெறும் கசப்பா?

டபரா_செட்:
போன வாரம் ரத்தப் பரிசோதனை முடிவு வந்தது. ரத்தச் சர்க்கரையின் மூன்று மாதச் சராசரி (HbA1c) 6.1. "சர்க்கரை நோய் இன்னும் வீட்டுக்குள் வரவில்லை, வாசலில் நிற்கிறது" என்றார் டாக்டர். 5.7 முதல் 6.4 வரை அந்த வாசல்தானாம். இனிப்பே தொடுவதில்லை என்று பெருமையாகச் சொன்னேன். "காபி?" என்று கேட்டார். மாட்டிக்கொண்டேன். நாளைக்கு ஐந்து டம்ளர், டம்ளருக்கு இரண்டு ஸ்பூன். ஸ்பூனுக்கு ஐந்து கிராம் என்று வைத்தால் 50 கிராம் சீனி.

இரண்டு நாள் சீனியே இல்லாமல் குடித்துப் பார்த்தேன். மூன்றாம் நாள் காலையில் வீட்டில் யாரும் என் பக்கம் வரவில்லை. கருப்பட்டிக்கு மாறலாமா, சீனித்துளசியா (ஸ்டீவியா), கடையில் விற்கும் இனிப்பு மாத்திரையா? காபியை விடு என்று மட்டும் யாரும் சொல்லாதீர்கள்.

தேரிக்காடு:
இதில் கேட்க என்ன இருக்கிறது? கருப்பட்டிதான். எங்கள் ஊர்ப் பக்கம் தாத்தா, பாட்டி எல்லாரும் கருப்பட்டிக் காப்பிதான் குடித்தார்கள். சுண்ணாம்பு தடவிய கலயத்தில் இறக்கிய பதநீரைக் காய்ச்சி, சிரட்டையில் ஊற்றி எடுப்பது. இரும்புச் சத்து உண்டு. வெள்ளைச் சீனியில் வெறும் இனிப்பைத் தவிர என்ன இருக்கிறது?

லேப்_கோட்:
இதைத்தான் எதிர்பார்த்தேன். ஐயா, கருப்பட்டியிலும் வெல்லத்திலும் பெரும்பகுதி சுக்ரோஸ். சீனியில் இருக்கும் அதே பொருள். நிறமும் மணமும் வேறு, உள்ளே போனால் குடலுக்கு வித்தியாசம் தெரியாது.

இரும்புச் சத்துக்கு வருவோம். 100 கிராம் வெல்லத்தில் 11 மில்லிகிராம் என்று தாராளமாகவே வைத்துக்கொள்ளுங்கள். ஒரு ஸ்பூனுக்கு அரை மில்லிகிராம்தான். அதையும் காபியிலும் டீயிலும் இருக்கும் துவர்ப்புப் பொருள்கள் உடம்பில் சேர விடாமல் தடுக்கும். இரும்பு வேண்டுமென்றால் முருங்கைக்கீரை சமைத்துச் சாப்பிடுங்கள், ஒரு மணி நேரம் கழித்துக் காபி குடியுங்கள்.

தேரிக்காடு:
தாத்தா 88 வயது வரை இருந்தார். சர்க்கரை நோய் என்ற பேச்சே இல்லை.

லேப்_கோட்:
தாத்தா பனை ஏறினாரா, லிஃப்டில் ஏறினாரா?

தேரிக்காடு:
ஏறினார். அது சரி, ஒப்புக்கொள்கிறேன். ஆனால் இன்னொன்றும் இருக்கிறது. சீனி போட்டு ஐந்து காபி குடிக்கிறவனால் கருப்பட்டி போட்டு ஐந்து குடிக்க முடியாது. அதற்கென்று ஒரு கனம் உண்டு. இரண்டோடு போதும் என்று நாக்கே சொல்லிவிடும். எங்கள் வீட்டில் அப்படித்தான் குறைந்தது.

லேப்_கோட்:
இந்த வாதம் பரவாயில்லை. ஆனால் இதில் குறைந்தது காபியின் எண்ணிக்கை. கருப்பட்டியின் மகிமை என்று எழுதாதீர்கள், ஆரோக்கியம் என்று நம்பி மூன்று கட்டி போட்டுக்கொள்கிறவர்களை நிறையப் பார்த்துவிட்டேன். மேலும் கடையில் கிடைப்பதில் எது கருப்பட்டி, எது சீனிப்பாகு கலந்தது என்று கண்டுபிடிப்பதே ஒரு வேலை.

தேரிக்காடு:
கலப்படத்தைப் பற்றி என்னிடம் பேச வேண்டாம், அந்தக் கோபம் உங்களைவிட எனக்கு அதிகம். உடன்குடிக் கருப்பட்டிக்குப் புவிசார் குறியீடு கிடைத்தும் கலப்படம் நின்றபாடில்லை.

குட்டான்:
நான் யாழ்ப்பாணம், இப்போது இருப்பது டொரன்டோவில். ஒரு சந்தேகம்: இங்கே சிலர் சர்க்கரை என்றும் சிலர் சீனி என்றும் எழுதுகிறீர்கள். எங்கட ஊரில் சர்க்கரை என்றால் வெல்லம். வெள்ளையாக இருப்பது சீனி. "சர்க்கரை நோய்" என்று நீங்கள் எழுதுவதை நாங்கள் "நீரிழிவு" என்போம்.

விஷயத்துக்கு வருகிறேன். பனங்கட்டியை, அதாவது உங்கட கருப்பட்டியை, கரைக்கிறதே பிழை. எங்கட வீட்டில் தேத்தண்ணிக்குள் ஒன்றும் போடுவதில்லை. பனையோலைக் குட்டானில் இருந்து சின்னத் துண்டு ஒன்றை உடைத்துக் கையில் வைத்துக்கொண்டு, ஒரு கடி, இரண்டு மூன்று மிடறு வெறும் தேத்தண்ணி. இனிப்பு நேரே நாக்கில் படுவதால் ஒரு துண்டே முழுக் கோப்பைக்கும் காணும். அம்மம்மா ஒரு துண்டில் இரண்டு கோப்பை குடிப்பா.

டபரா_செட்:
அக்கா, இது பால் காபிக்கு ஒத்துவருமா? நேற்று கருப்பட்டியைப் பாலோடு சேர்த்துக் கொதிக்க வைத்தேன், திரிந்துபோய்விட்டது.

குட்டான்:
கடித்துக் குடித்தால் எப்படித் திரியும் தம்பி? வாய்க்குள் போன பிறகு திரிந்தால் எவருக்குத் தெரியும்.

தேரிக்காடு:
கருப்பட்டிக் காப்பி என்றாலே பால் விடாததுதான். சுக்கும் மல்லியும் தட்டிப் போட்டு இறக்கினால் அதற்கு ஈடு கிடையாது. பால்தான் வேண்டுமென்றால் அடுப்பை அணைத்து, சூடு கொஞ்சம் தணிந்த பிறகு பாகைச் சேருங்கள்.

வறுவல்_வாசம்:
சிறிய காபிக்கொட்டைக் கடை நடத்துகிறேன். நீங்கள் எல்லாரும் இனிப்பைப் பற்றியே பேசுகிறீர்கள், கசப்பு எங்கிருந்து வருகிறது என்று ஒருவரும் கேட்கவில்லை. டபரா_செட், உங்கள் தூள் என்ன கலவை?

டபரா_செட்:
60:40. சிக்கரி 40. டிகாஷன் நல்ல கறுப்பாக இறங்கும்.

வறுவல்_வாசம்:
அதுதான் விஷயம். சிக்கரியை 49 சதவீதம் வரை கலக்கச் சட்டமே இடம் கொடுக்கிறது. மீதி இருக்கும் காபியும் பெரும்பாலும் கருக வறுத்த ரொபஸ்டாவாக, கசப்பு கூடிய காபி வகையாக, இருக்கும். அந்தக் கசப்புக்கு இரண்டு ஸ்பூன் போட்டால்தான் சமன் ஆகும். முதலில் 80:20க்கு வாருங்கள், கசப்பு குறைந்த அரபிகா வகை அல்லது பீபரி (ஒற்றைக் கொட்டைக் காபி), மிதமான வறுவல். கறுப்பும் கெட்டியும் குறையும், முதல் வாரம் "தண்ணியா இருக்கு" என்று தோன்றும். பொறுத்துக்கொள்ளுங்கள்.

அப்புறம் டிகாஷனைத் திரும்பச் சுட வைக்காதீர்கள். காலையில் இறக்கியதைச் சாயங்காலம் அடுப்பில் ஏற்றினால் அது காபி இல்லை, கஷாயம். பாலில் தண்ணீர் கலக்காமல் நன்றாகக் காய்ச்சுங்கள், பாலுக்கென்று ஒரு மெல்லிய தித்திப்பு உண்டு. இன்னொரு சின்ன வேலை: டிகாஷனில் உப்பு. சிட்டிகைகூட வேண்டாம், விரல் நுனியில் ஒட்டுகிற அளவு. உப்பு கசப்பை அமுக்கும். என் வாடிக்கையாளர்களிடம் சொன்னால் சிரிப்பார்கள், செய்து பார்த்தவர்கள் சிரிப்பதில்லை.

டீக்கும் இதே கதைதான். தூளைப் போட்டுப் பத்து நிமிடம் கொதிக்க விட்டால் துவர்ப்பு ஏறும், அப்புறம் சீனியைக் கொட்டத்தான் வேண்டும். ஏலக்காயோ பட்டையோ தட்டிப் போட்டால் அந்த மணத்துக்கே நாக்கு கொஞ்சம் ஏமாறும்.

வேர்_இலை:
அதிமதுரம் ஒரு துண்டு போடுங்கள். இயற்கையான இனிப்பு, தொண்டைக்கும் நல்லது.

லேப்_கோட்:
தினமும் ஐந்து முறை அதிமதுரமா? அதில் இருக்கும் கிளைசிரைசின் ரத்த அழுத்தத்தை ஏற்றும், பொட்டாசியத்தை இறக்கும். இருமலுக்கு இரண்டு நாள் என்றால் சரி. பிபி மாத்திரை சாப்பிடுகிறவர்கள் பக்கமே போக வேண்டாம்.

வித்தவுட்:
12 வருடமாகச் சர்க்கரை நோயாளி. சுக்ரலோஸ் மாத்திரை போட்டுத்தான் குடிக்கிறேன். அதை விஷம் என்று எழுத யாராவது வருவதற்குள் சொல்லிவிடுகிறேன்: உடம்பு எடையைக் குறைக்க இந்த மாற்று இனிப்புகளை நம்பாதீர்கள் என்று உலக சுகாதார நிறுவனம் 2023இல் சொன்னது உண்மை. ஏற்கெனவே சர்க்கரை நோய் இருப்பவர்களுக்கு அந்தப் பரிந்துரை பொருந்தாது என்பதும் அதே ஆவணத்தில்தான் இருக்கிறது. வாட்ஸ்அப்பில் முதல் பாதி மட்டும்தான் வந்தது.

பாக்கெட் வாங்குகிறவர்கள் பின்பக்கத்தைப் படியுங்கள். சிலவற்றில் இடத்தை அடைக்க மால்டோடெக்ஸ்ட்ரின் இருக்கும், அதுவும் மாவுச்சத்துதான். அஸ்பார்டேம் என்ற இன்னொரு மாற்று இனிப்பு கொதிக்கிற பானத்துக்கு ஆகாது, சூட்டில் சிதைந்து இனிப்பு போய்விடும். சீனித்துளசி எனக்குப் பிடிக்கவில்லை, குடித்து முடித்த பிறகும் அதிமதுரம் மென்ற மாதிரி ஒன்று நாக்கின் அடியில் உட்கார்ந்திருக்கும்.

லேப்_கோட்:
வித்தவுட் சொல்வதில் எனக்கு ஒரே ஒரு மறுப்பு. உங்களுக்கு மாத்திரை சரி. டபரா_செட்டுக்கு அது தேவையில்லை. அவருடைய நாக்கு இரண்டு ஸ்பூனுக்குப் பழகியிருக்கிறது, மாத்திரை அந்தப் பழக்கத்தை அப்படியே வைத்திருக்கும். மாத்திரை இல்லாத இடத்தில் கை மறுபடி சீனி டப்பாவுக்குப் போகும். குவித்துப் போடும் ஸ்பூனைத் தலைதட்டிப் போடுவதில் தொடங்கட்டும். பத்து நாளுக்கு ஒருமுறை கால் ஸ்பூன் குறைக்கட்டும்.

வித்தவுட்:
பத்து நாளுக்குக் கால் ஸ்பூன் என்றால் இரண்டு ஸ்பூன் போக எண்பது நாள். அதுவரை ரத்தம் காத்திருக்குமா? நானும் அப்படிக் குறைக்கிறேன் குறைக்கிறேன் என்று இரண்டு வருடத்தை ஓட்டியவன்தான். வாசலைத் தாண்டி உள்ளே வந்தது அப்போதுதான்.

லேப்_கோட்:
அப்படியானால் முதலில் ஐந்து டம்ளரை மூன்றாக்கட்டும். அன்றைக்கே 20 கிராம் போய்விடும். மீதி மூன்றில் மெதுவாக இறங்கலாம். மொத்தச் சாப்பாட்டிலும் சேர்த்தே கூடுதல் சீனி 25 கிராமுக்குள் இருந்தால் நல்லது என்கிறார்கள். அவர் காபியிலேயே அதைப்போல இரண்டு மடங்கு குடிக்கிறார்.

டபரா_செட்:
மூன்று வாரம் கழித்து வருகிறேன். 80:20 தூளுக்கு மாறினேன். அம்மா ஒரு வாய் குடித்துவிட்டு "யார் வீட்டுக் காபி இது?" என்றார், அவருக்குத் தனியாகப் பழைய தூள்தான். உப்பு வேலை செய்கிறது, ஆனால் ஒருநாள் அளவு தவறிப்போய் ரசம் மாதிரி ஆகிவிட்டது. இப்போது மூன்று டம்ளர், ஒவ்வொன்றுக்கும் தலைதட்டிய முக்கால் ஸ்பூன். நாலு மணிக்குப் பால் இல்லாத டீ, கையில் கருப்பட்டித் துண்டு. குட்டான் அக்கா, ஒரு துண்டில் இரண்டு கோப்பை எனக்கு வரவில்லை. ஒரு கோப்பைக்கு இரண்டு துண்டு போகிறது.

குட்டான்:
நீங்கள் மெல்லுகிறீர்கள் போல. கடித்துவிட்டு மெல்லக் கூடாது, கன்னத்தில் ஒதுக்க வேணும்.

டபரா_செட்:
சரி, பார்க்கிறேன். மாட்டிக்கொண்டிருப்பது அலுவலகத்தில். மெஷின் காபித் தூளிலேயே சீனி கலந்திருக்கிறது, குறைக்க வழியே இல்லை.

வறுவல்_வாசம்:
சின்ன பிளாஸ்க் ஒன்று வாங்குங்கள். டிகாஷன் மட்டும் கொண்டுபோங்கள், பால் கேண்டீனில் கிடைக்கும்.

தேரிக்காடு:
கருப்பட்டி சட்டைப் பையில் இருக்கட்டும். எறும்பு வரும், கவனம்.