சுங்கை சிப்புட்டிலிருந்து அயல்மொழித் தேர்வுக்குப் போகிறவர்களுக்கு: அனுபவப் பகிர்வு

லிந்தாங் சாலை:

எஸ்பிஎம் (படிவம் ஐந்தின் பள்ளியிறுதித் தேர்வு) முடித்த நம் தோட்டத்துப் பிள்ளைகள் ஜப்பானிய மொழி, ஜெர்மன், கொரிய மொழி என்று படிக்கத் தொடங்கிவிட்டார்கள். வகுப்பைப் பற்றிச் சொல்ல ஆள் இருக்கிறது. தேர்வைப் பற்றிச் சொல்லத்தான் ஆள் இல்லை. தெரிந்தவர்கள் எழுதுங்கள். "நன்றாகப் படி" என்று சொல்ல வேண்டாம், அதை வீட்டிலேயே சொல்கிறார்கள். மண்டபத்தில் என்ன நடக்கும், எத்தனை மதிப்பெண் வேண்டும், எந்த இடத்தில் விழுகிறார்கள், அதை எழுதுங்கள்.

என்5 டீச்சர்:

ஜப்பானிய மொழிக்கான ஜேஎல்பிடி பற்றி எழுதுகிறேன். மொத்தம் ஐந்து நிலை. என்5 தொடக்கம், என்1 உச்சம். ஜூலையிலும் டிசம்பரிலும் முதல் ஞாயிற்றுக்கிழமை நடக்கும். பதிவு பல மாதங்களுக்கு முன்பே மூடிவிடும். ஜூன் மாதம் வந்து "இந்த ஜூலைக்கு எழுதலாமா டீச்சர்?" என்று கேட்டால் டிசம்பரைத்தான் காட்ட முடியும்.

என்5-க்கு 180-இல் 80 எடுத்தால் தேர்ச்சி என்று எல்லாருக்கும் தெரியும். பாதிப் பேருக்குத் தெரியாதது பகுதி வரம்பு. மொழியறிவும் வாசிப்பும் சேர்ந்த பகுதியில் 120-க்கு 38 வேண்டும், கேட்டலில் 60-க்கு 19 வேண்டும். முதல் பகுதியில் 75, கேட்டலில் 15 என்று வைத்துக்கொள்ளுங்கள். மொத்தம் 90 வந்துவிட்டது, ஆனாலும் தோல்விதான். என்4-க்கும் இதே வரம்பு, மொத்தம் மட்டும் 90. என்3-இலிருந்து வாசிப்பு தனிப் பகுதியாகப் பிரிந்துவிடும். மூன்று பகுதியிலும் 60-க்கு 19 எடுக்க வேண்டும், மொத்தம் 95. தோற்ற பகுதியை மட்டும் மறுபடி எழுத வழியில்லை, முழுத் தேர்வையும்தான் எழுத வேண்டும். அதனால் காஞ்சி எனும் சீன வடிவ எழுத்துகளை மட்டும் உருப்போட்டுப் போகிற பிள்ளைகளுக்காக மனசு கிடந்து அடித்துக்கொள்கிறது.

கேட்டலில் விழுவதற்குக் காரணம் காதில் இல்லை, கேள்வியின் அமைப்பில் இருக்கிறது. கடைசிப் பகுதியில் கேள்வித்தாளில் படமும் இருக்காது, எழுத்தும் இருக்காது. ஒலிப்பதிவில் ஒருவர் ஒரு வாக்கியம் சொல்வார். அதற்கு மறுமொழியாக மூன்று வாக்கியம் வரும், பொருந்துவதைத் தேர வேண்டும். ஒரே தடவைதான். உடனே விடைத்தாளில் வட்டத்தைக் கருக்கிவிட்டு அடுத்ததற்குத் தயாராக வேண்டும். தவறிப்போனதை நினைத்துக்கொண்டு உட்கார்ந்தால் அடுத்த இரண்டும் சேர்ந்தே போகும். தெரியாவிட்டால் ஏதாவது ஒன்றைக் கருக்கிவிட்டுக் கையை எடுத்துவிடுங்கள். இந்தப் பழக்கத்தை வீட்டிலேயே கொண்டுவர வேண்டும். பயிற்சி ஒலிப்பதிவை நடுவில் நிறுத்திக் கேட்கிற பிள்ளைக்கு மண்டபத்தில் கை ஓடாது.

கருக்குவதற்கு ஹெச்பி பென்சில் இரண்டு, நல்ல அழிப்பான் ஒன்று கொண்டுபோங்கள். ஒரு வரிசை தவறிவிட்டால் அதற்குக் கீழே எல்லாமே இடம் மாறிவிடும், ஐந்து கேள்விக்கு ஒருமுறை எண்ணைச் சரிபாருங்கள். கைப்பேசியை அமைதியில் வைத்தால் போதாது, முழுசாக அணைக்க வேண்டும். நடுவில் ஒலித்தால் சிவப்பு அட்டை, அன்றைய தேர்வே ரத்து. நேரம் பார்க்க முள் கடிகாரம் கட்டிக்கொள்ளுங்கள், ஸ்மார்ட் வாட்ச் ஆகாது. முதல் பகுதி சரியாகப் போகவில்லை என்று இடைவேளையில் எழுந்து வந்துவிடாதீர்கள். ஒரு பகுதி எழுதாவிட்டால் மற்றதற்கும் மதிப்பெண் வராது.

தாதி அக்கா:

டீச்சர் சொன்ன பகுதி வரம்பு ஜெர்மனில் இன்னும் கடுமை, ஆனால் அதில் ஒரு நல்லதும் இருக்கிறது. கோதே நிறுவனம் நடத்தும் பி1 (இடைநிலை) தேர்வில் வாசிப்பு, கேட்டல், எழுத்து, பேச்சு என்று நான்கு பகுதி. ஒவ்வொன்றும் 100-க்கு, ஒவ்வொன்றிலும் 60 வேண்டும். மூன்றில் 90 வாங்கினாலும் நான்காவதில் 58 என்றால் அந்தப் பகுதி தோல்வி. நல்லது என்னவென்றால், தோற்ற பகுதியை மட்டும் கட்டணம் கட்டி மறுபடி எழுதலாம். ஓர் ஆண்டுக்குள் நான்கும் சேர்ந்துவிட்டால் முழுச் சான்றிதழ்.

ஜெர்மனிக்குத் தாதி வேலைக்குப் போகிற பிள்ளைகளுக்கு ஒன்று சொல்லிவிடுகிறேன். தாதியாக முழு அங்கீகாரம் பெறப் பெரும்பாலும் அடுத்த நிலையான பி2 கேட்பார்கள். பி1 கையில் வந்ததும் படிப்பை நிறுத்திவிட வேண்டாம்.

எழுத்துப் பகுதி 60 நிமிடம், மூன்று கேள்வி. நண்பருக்கு மின்னஞ்சல் சுமார் 80 சொல், ஒரு விஷயத்தில் உங்கள் கருத்து சுமார் 80 சொல், முறையான சிறு மின்னஞ்சல் சுமார் 40 சொல். முதல் கேள்வியில் மூன்று குறிப்பு கொடுத்திருப்பார்கள், மூன்றையும் தொட வேண்டும். மனப்பாடம் செய்த கடிதத்தை அப்படியே இறக்கிவைத்தால், இலக்கணம் சுத்தமாக இருந்தாலும் கேட்டதை எழுதவில்லை என்று மொத்தமாகக் கழித்துவிடுவார்கள். மூன்றாவது கேள்வி பெரும்பாலும் மேலதிகாரிக்கோ ஆசிரியருக்கோ போகிற கடிதம். அதில் மரியாதை வடிவம் விட்டுப்போகக் கூடாது. சிறியதுதானே என்று கடைசி ஐந்து நிமிடத்துக்குத் தள்ளுகிறவர்கள் அங்கேதான் இழக்கிறார்கள். 40 சொல்லுக்குப் பத்து நிமிடம் ஒதுக்குங்கள்.

பேச்சுக்குப் பெரும்பாலும் இருவராக உள்ளே அழைப்பார்கள். அதற்கு முன் 15 நிமிடம் தயாரிப்பு. முதலில் இருவரும் சேர்ந்து ஏதாவது திட்டமிட வேண்டும், பிறகு ஆளுக்கு ஒரு சிறு உரை. உரையின் வரிசை எப்போதும் ஒன்றுதான்: தலைப்பு, சொந்த அனுபவம், உங்கள் நாட்டில் நிலைமை, நன்மை தீமையும் உங்கள் கருத்தும், முடிவும் நன்றியும். "உங்கள் நாட்டில்" என்று வந்ததும் பிள்ளைகள் திகைத்து நிற்கிறார்கள். பெரிதாக ஒன்றும் தேட வேண்டாம். பிளாஸ்டிக் பை என்று தலைப்பு வந்தால், காலையில் பாசாரில் மீனுக்கு ஒரு பை, காய்க்கு ஒரு பை, தேங்காய்ப்பூவுக்கு ஒரு பை என்று நான்கு எளிய வாக்கியம் போதும். கூட இருப்பவர் தடுமாறினால் அவரிடம் ஒரு கேள்வி கேட்டுப் பேச்சை நகர்த்துங்கள், இருவருக்குமே நல்லது.

கடப்பிதழ் முக்கியம்:

மொழியைவிட நம் ஆட்களுக்குத் தொல்லை கொடுப்பது பெயர். நம் கடப்பிதழில் பெயர் ஒரே வரி, குடும்பப் பெயர் என்று தனியாக எதுவும் இல்லை. வெளிநாட்டுத் தேர்வுப் பாரங்களில் குடும்பப் பெயர் ஒரு கட்டம், சொந்தப் பெயர் ஒரு கட்டம், இரண்டும் கட்டாயம். ஒரு தேர்வுக்கு அப்பா பெயரைக் குடும்பப் பெயர் என்று போடுகிறார்கள், அடுத்ததற்கு மாற்றிப் போடுகிறார்கள். பிறகு விசா மனுவில் இரண்டு சான்றிதழும் இரண்டு ஆளைப்போல் நிற்கும்.

அடுத்தது, பெயருக்கு நடுவில் 'மகன்', 'மகள்' என்று குறிக்கிற "ஏ/எல்", "ஏ/பி". பல இணையப் பாரங்கள் அந்தச் சாய்கோட்டை ஏற்பதில்லை. கடப்பிதழின் படப் பக்கத்தில் அடியில் இரண்டு வரி இருக்கும், அதில் பெரிய எழுத்து, எண், அம்புபோல ஒரு குறி, இவ்வளவுதான். சாய்கோடு அங்கேயும் கிடையாது. அந்த வரியைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு தேர்வு மையத்துக்கு முன்கூட்டியே எழுதிக் கேளுங்கள். அவர்கள் சொன்ன வடிவத்தை ஒரு தாளில் குறித்துவைத்து, இனி எல்லாத் தேர்விலும் அதையே போடுங்கள். மையத்தின் பதில் மின்னஞ்சலையும் அழிக்காதீர்கள்.

பிறப்புப் பத்திரம், மைக்கார்டு (அடையாள அட்டை), கடப்பிதழ் மூன்றிலும் எழுத்துக்கூட்டல் ஒன்றா என்று பதிவுக்கு முன்பே பாருங்கள். தோட்டக் காலத்துப் பதிவுகளில் ஒரே அப்பாவின் பெயர் அண்ணனுக்கு ஒரு மாதிரியும் தங்கைக்கு வேறு மாதிரியும் விழுந்திருக்கும். எந்த அடையாளப் பத்திரத்தை வைத்துப் பதிந்தீர்களோ அதன் அசலைத்தான் தேர்வன்று காட்ட வேண்டும், நகல் செல்லாது.

லிந்தாங் சாலை:

நன்றி ஐயா. கொரிய மொழி, பிரெஞ்சு பற்றியும் யாராவது?

என்5 டீச்சர்:

சுருக்கமாகச் சொல்கிறேன். கொரிய மொழிக்கான டோபிக்கில் பகுதி வரம்பு இல்லை, மொத்தம்தான் கணக்கு. டோபிக் 1 என்பது 200-க்கு. 80 எடுத்தால் முதல் நிலை, 140 எடுத்தால் இரண்டாம் நிலை. வாசிப்பில் பலமுள்ள பிள்ளை அதை வைத்தே கேட்டலை ஈடுகட்டலாம். ஆனால் முடிவு இரண்டு ஆண்டுக்குத்தான் செல்லும். படிவம் நான்கில் அவசரப்பட்டு எழுதினால், விண்ணப்பம் போடும் நேரத்தில் காலாவதி ஆகிவிடும்.

பிரெஞ்சுக்கு டெல்ஃப். கோலாலம்பூரிலும் பினாங்கிலும் அலியான்ஸ் பிரான்சேஸ் என்ற பிரெஞ்சு மொழி மையம் இருக்கிறது. நான்கு பகுதி, தலா 25. மொத்தம் 50 போதும், ஆனால் எதிலும் 5-க்குக் கீழே போகக் கூடாது. வாழ்நாள் முழுக்கச் செல்லும். ஜேஎல்பிடி, கோதே சான்றிதழ்களுக்கும் காலாவதி கிடையாது, ஆனால் கேட்கிற நிறுவனம் சமீபத்தில் எழுதியதுதான் வேண்டும் என்று சொல்லலாம். அதை விண்ணப்பிக்கும் முன் கேட்டுக்கொள்ளுங்கள்.

தாதி அக்கா:

ஆங்கிலத்துக்கான ஐஇஎல்டிஎஸ் எழுதுகிறவர்களுக்கும் ஒரு வரி. 6.5, 6.5, 5, 7 என்று வந்தால் சராசரி 6.25, அதை 6.5 என்று ஏற்றிக் கொடுப்பார்கள். பார்க்க அழகாக இருக்கும். ஆனால் "எதிலும் 6-க்குக் குறையக் கூடாது" என்று கேட்கிற இடத்தில் அந்த 5 தடுத்துவிடும். அதனால் மொத்தம் எவ்வளவு கேட்கிறார்கள் என்பதோடு, ஒவ்வொரு பகுதிக்கும் எவ்வளவு என்பதையும் எழுத்தில் வாங்கிக்கொண்டு பதியுங்கள்.

கடப்பிதழ் முக்கியம்:

கோலாலம்பூரில் தேர்வு என்றால் அன்று காலை ரயிலை நம்ப வேண்டாம். சிப்புட்டில் இடிஎஸ் ரயில் நிற்கும், ஆனால் தாமதமானால் மையத்தில் காத்திருக்க மாட்டார்கள். கேட்டல் தொடங்கிய பிறகு கதவும் திறக்காது. முதல் நாள் மாலையே போய், மண்டபம் எந்தக் கட்டடம், எந்த மாடி என்று நேரில் பார்த்துவிட்டுப் படுங்கள்.