கண்டல் மரத்திலேயே முளைக்கிறதே, அதற்கு ஒரு சொல் வேண்டும்

திருகோணமலையிலிருந்து:
வணக்கம். வெள்ளிக்கிழமை தரம் 10 பிள்ளைகளைக் கிண்ணியாப் பக்கம், கரையோரச் சேற்றில் வளரும் கண்டல் மரங்களைப் பார்க்கக் கூட்டிப் போகிறேன். வியாழன் காலைக்குள் செயல் தாள் அச்சுக்குப் போக வேண்டும். கண்டல் வித்து தாய்மரத்தில் இருக்கும்போதே முளைத்து, முருங்கைக்காய் போல அரை மீற்றர் வரை நீண்டு தொங்கி, பிறகுதான் சேற்றில் விழும். விவிபாரி என்கிறோமே, அதற்கு ஒரு சொல் தாருங்கள். போன தவணை வரைவிலக்கணம் கேட்டேன், வகுப்பே பிழையில்லாமல் ஒப்புவித்தது. பையிலிருந்து அந்த நீண்ட முளை ஒன்றை எடுத்து மேசையில் வைத்தால், "கண்டல் காய், டீச்சர்" என்கிறான் ஒருவன். அதை ஈட்டியாக எறிந்து விளையாடுகிற பிள்ளை!

சென்னையிலிருந்து:
'கனிக்குள் விதை முளைத்தல்' என்று இங்கே எழுதுவோம். அதையே போடுங்கள், அப்புறம் சண்டை பிடிக்கலாம்.

திருகோணமலை:
அது அரைவாசிதான் சரி. கண்டலில் வித்திலைக் கீழ்த்தண்டு, அதாவது முளையின் நீண்ட தண்டு, கனியைத் துளைத்து வெளியே வந்துவிடும். கனிக்குள்ளேயே அடங்கிக் கிடப்பது கண்ணா மரத்தில். இரண்டும் ஒரே கரையில் நிற்கின்றன. பிள்ளைகள் என்னைப் பிடித்துவிடுவார்கள்.

யாழ்ப்பாணம்:
நம் முன்னோர் உயிர்த்தோற்றத்தை நான்காகப் பிரித்தார்கள். முட்டையில் அண்டசம், வியர்வையில் சுவேதசம், கருப்பையில் சராயுசம், நிலம் பிளந்து வருவது உற்பிச்சம். மரம் உற்பிச்சம். கண்டலோ நிலத்தைத் தொடுமுன்னே பிறந்துவிடுகிறது! ஆகவே 'தருசராயுசம்'.

மூதூர்:
ஐயா, அதைச் சொல்லி முடிப்பதற்குள் கண்டல் வேரே விட்டுவிடும்.

மட்டக்களப்பு:
வடமொழிக்கு ஏன் போக வேண்டும்? மரஞ்செடியின் இளமைக்குப் பிள்ளை, குழவி, கன்று, போத்து என்று நான்கு பெயரைத் தொல்காப்பிய மரபியல் அனுமதிக்கிறது. தென்னம்பிள்ளை, மாங்கன்று இன்றும் வாயில் இருக்கின்றன. 'கன்றீனல்' என்போம்.

சென்னை:
அழகுதான். ஆனால் வாழை கிழங்கிலிருந்து விடுவதும் கன்றுதானே? வாழை ஈன்றது என்றால் குலை தள்ளியது என்று பொருள். இரண்டும் சேர்ந்தால் குழப்பம்.

திருகோணமலை:
'பிள்ளை ஈனல்' என்று பலகையில் எழுதினால் பாடம் அன்றைக்கு அவ்வளவுதான்.

யாழ்ப்பாணம்:
செல், குரோமோசோம் என்று எழுதுகிறவர்கள் குழப்பம் பற்றிப் பேசுவது வேடிக்கை. எங்களுக்குக் கலம், நிறமூர்த்தம்.

மூதூர்:
'மூர்த்தம்' மட்டும் சங்கத் தமிழா, ஐயா? விஞ்ஞானப் புத்தகத்தில் சொல்லுக்கா பஞ்சம்? வரைவிலக்கணம் முதல் வரியில் நிற்கிறது, பொருளைக் கையில் எடுத்துப் பார் என்று ஒரு வரி கிடையாது. டீச்சர், அந்த முளையின் மேல்நுனித் தொப்பியைக் கழற்றச் சொல்லுங்கள். உள்ளே பச்சைக் குருத்து விரல்நகமளவு மடிந்து இருக்கும். அதைக் கண்டவன் பிறகு 'காய்' என்று சொல்லமாட்டான். சொல் கேட்டால், 'தாய்மர முளைப்பு'.

சென்னை:
ஆதரிக்கிறேன். தூக்கம் வருகிறது.

மட்டக்களப்பு:
கன்று போனது கவலைதான். சரி, இருக்கட்டும்.

யாழ்ப்பாணம்:
தாய்மரமே முளைக்கிறது என்றல்லவா பொருள்படும்? ஆறாம் வேற்றுமைத் தொகையா, ஏழாம் வேற்றுமைத் தொகையா?

மூதூர்:
ஏழு.

யாழ்ப்பாணம்:
அப்படியானால் உருபை விரித்து 'தாயில் முளைப்பு' என்று போடலாமே. என் மறுப்பைப் பதிந்துகொள்ளுங்கள்.

திருகோணமலை:
ஐயா, தாள் அச்சுக்குப் போய்விட்டது. 'தாய்மர முளைப்பு'தான், பக்கத்தில் விவிபாரியும் இருக்கிறது. கேள்வி 1: தொப்பியைக் கழற்றிப் பார்த்து வரைக. கண்ணாவைப் பற்றி நாளை எழுதுகிறேன், அதற்கும் சொல் இல்லை.