கல்யாண லைவ் அரை நிமிஷம் பிந்தி ஓடுது, அட்சதை போடும்போது படம் உடையுது. என்ன செய்யலாம்?

உசிலை ஸ்டூடியோ:
உசிலம்பட்டிப் பக்கம் கல்யாணம், காதுகுத்து, கும்பாபிஷேகம் எடுக்கிறவன். இப்போ பத்திரிகையிலேயே யூடியூப் லைவ் கியூஆர் கோடு அச்சடிக்கிறார்கள். லைவ் இல்லை என்றால் ஆர்டரே இல்லை. கேமரா, கேப்சர் கார்டு, லேப்டாப்பில் ஓபிஎஸ் (லைவ் அனுப்புகிற சாஃப்ட்வேர்), நெட்டுக்கு போன் ஹாட்ஸ்பாட். படம் 1080 அளவு, பிட்ரேட் (நொடிக்கு அனுப்புகிற டேட்டா) 6000 கிலோபிட். இங்கே கெட்டிமேளம் அடங்கிய பிறகும் சிங்கப்பூரிலிருந்து சித்தப்பா போனில், "தாலித் தட்டு இன்னும் சுத்திக்கிட்டுதான்ப்பா இருக்கு" என்கிறார். மாப்பிள்ளை அப்பா என்னை முறைக்கிறார். அப்புறம், அட்சதை விழுகிற நேரம் பார்த்துப் படம் கட்டம் கட்டமாக உடைகிறது. ஸ்பீடு டெஸ்டில் 40 மெகாபிட் காட்டுகிறது. கோளாறு எங்கே?

அனுப்பானடி கேபிள்:
தம்பி, அந்த 40 டவுன்லோடு. உங்களுக்கு வேண்டியது அப்லோடு. அது பெரும்பாலும் அதில் கால்வாசிகூட இருக்காது. மண்டபத்துக்குள் நின்று அதைப் பாருங்கள்.

அட்சதைக்கு வருவோம். 1080 படத்தை அப்படியே அனுப்பினால் நொடிக்கு 1200 மெகாபிட்டுக்கு மேல் வரும். அதை எச்.264 என்கிற முறை நாலஞ்சு மெகாபிட்டாக நசுக்குகிறது. எப்படி? ரெண்டு நொடிக்கு ஒரு முழுப் படம். நடுவில் எல்லாம் எது மாறியதோ அது மட்டும். மணவறை, வாழைமரம், பின்னால் தொங்குகிற துணி எதுவும் அசையாது, செலவில்லை. அட்சதை பறந்ததும் திரை முழுக்க ஒவ்வொரு புள்ளியும் மாறுகிறது. அதே பிட்டில் அத்தனையும் அடங்காது, கட்டம் விழுகிறது. அழகர் திருவிழாவில் துருத்தியில் தண்ணீர் பீய்ச்சும்போது டிவியிலேயே இதைப் பார்க்கலாம்.

தாமதம் கோளாறே இல்லை. நீங்கள் யூடியூபுக்கு அனுப்புவது ஆர்.டி.எம்.பி. என்கிற முறையில் ஒரே ஒரு படம். யூடியூப் அதை 1080, 720, 360 என்று பல அளவில் திரும்பச் செய்து, சில நொடித் துண்டுகளாக நறுக்கி ஊர் ஊருக்கு இருக்கிற சர்வர்களில் வைக்கிறது. பத்துப் பேர் பார்த்தாலும் பத்தாயிரம் பேர் பார்த்தாலும் உங்கள் அப்லோடு ஒன்றுதான். துண்டு போடுகிற இந்த வழியை ஆப்பிள் 2009ல் எச்.எல்.எஸ். என்று கொண்டுவந்தது. ஒரு துண்டு 6 நொடி என்று வையுங்கள்; சித்தப்பா போன் மூன்று துண்டைச் சேர்த்துக்கொண்டுதான் ஓட ஆரம்பிக்கும். அங்கேயே 18 நொடி போச்சு. மாடித் தொட்டி மாதிரி, மோட்டார் கொஞ்சம் நின்றாலும் குழாயில் தண்ணீர் வரும். யூடியூபில் 'லோ லேட்டன்சி' வைத்தால் தாமதம் குறையும், தொட்டியும் சிறுக்கும். ஹாட்ஸ்பாட்டை நம்பி அதை நான் வைக்க மாட்டேன். மாப்பிள்ளை அப்பாவிடம் முதலிலேயே சொல்லிவிடுங்கள்.

மேலூர் மாப்ள:
அப்ப வாட்ஸ்அப் வீடியோ கால் மட்டும் உடனே போகுதே அண்ணே?

அனுப்பானடி கேபிள்:
அதில் தொட்டி கிட்டத்தட்ட இல்லை. வழியில் தொலைந்ததைத் தேடாமல் அடுத்ததுக்குப் போய்விடும், அதனால்தான் முகம் மங்கும். நாலு பேருக்குச் சரி. சொந்தபந்தம் முழுக்கப் பார்க்க ஆகாது.

உசிலை ஸ்டூடியோ:
அப்லோடு பார்த்தேன் அண்ணே, 5க்கும் 7க்கும் நடுவில் ஆடுகிறது. அடுத்து ஒரு கும்பாபிஷேகம், கூட்டம் அள்ளும். போன தடவை அங்கேயே ஒரு விசேஷத்தில் முக்கால் மணி நேரத்துக்குள் சுத்தமாகப் படுத்துவிட்டது.

அனுப்பானடி கேபிள்:
5 மெகாபிட் வருகிற இடத்தில் 6 (உங்கள் 6000 கிலோபிட்) அனுப்பினால் எப்படிப் போகும்? 720க்கு இறக்கி 3000 வையுங்கள், கீஃபிரேம் (நான் சொன்ன அந்த முழுப் படம்) 2 நொடிக்கு ஒன்று. போனில் பார்க்கிற சனத்துக்கு வித்தியாசமே தெரியாது.

படுத்தது டேட்டா தீர்ந்தும் இருக்கலாம். 3000லேயே மணிக்கு 1.35 ஜிபி போகும். தினம் 2 ஜிபி சிம் ஒன்றரை மணி நேரத்தில் காலி. 6000 என்றால் முக்கால் மணி நேரம்கூடத் தாங்காது.

கும்பாபிஷேகத்துக்கு சிம்மையே நம்பாதீர்கள். கலசத்தில் தண்ணீர் ஊற்றுகிற நிமிஷம் மொத்தக் கூட்டமும் ஸ்டேட்டஸ் போடும்; டவர் ஒன்றுதானே. சிக்னல் நாலு கோடு நிற்கும், ஒரு போட்டோ நகராது. கோயிலுக்குப் பக்கத்தில் எந்த வீட்டில் ஃபைபர் இருக்கிறது என்று முந்தின நாளே கேட்டு, லேன் கேபிள் இழுத்துவிடுங்கள். 100 மீட்டருக்கு மேல் போனால் நடுவில் ஒரு நெட்வொர்க் சுவிட்ச் (கேபிளைத் தொடர்ந்து நீட்டுகிற பெட்டி) போட வேண்டும், அதற்குக் கரண்டும் வேண்டும். கேபிளைத் தரையில் விடாதீர்கள், கூட்டம் மிதித்துவிடும். பந்தல் கம்பில் கட்டுங்கள். சிம் துணைக்கு இருக்கட்டும்.