கொட்டில் ஆடுகிறது, மூட்டுத்தான் பிழையா?

திருக்கோவில்காரன்:
கடலுக்குக் கிட்ட, 20 அடிக்கு 14 அடியில் சுவரில்லாத ஓட்டுக் கொட்டில் ஒன்று போட்டோம். 6 அங்குல முதிரை மரத் தூண் ஆறு. தூண் தலையிலும், தூண்களுக்கு மேலே கிடையாகப் போகிற வளையிலும் பாதிப் பாதி வெட்டி உட்கார வைத்து ஆணி அடித்தது. ஒரு வருடம் ஆகவில்லை, மூட்டுக்குள் பத்து ரூபாய்க் குத்தி (நாணயம்) நுழைகிறது. தூணைத் தோளால் தள்ளினால் ஓடு கலகலக்கிறது. போல்ட் போட்டால் சரியாம். பக்கத்தில் இன்னொன்றும் போட இருக்கிறோம். என்ன மூட்டு நல்லது அண்ணன்மாரே?

வாழைச்சேனை ஓடாவி:
மரம் காய்ந்ததா தம்பி? தூணையும் வளையையும் மூலையில் சாய்வாக இணைக்கிற கை கொடுத்ததா? வளை ஒரே மரமா?

திருக்கோவில்காரன்:
அரிந்த கையோடு வந்த மரம். கை இல்லை, தலையில் இடிக்கும் என்று விட்டோம். வளை இரண்டு துண்டு, இரண்டு தூணுக்கு நடுவில் பொருத்தியது.

வாழைச்சேனை ஓடாவி:
அப்போ போல்ட் என்ன செய்யும், பாவம். பச்சை மரம் காயும்போது குறுக்கே சுருங்கும், அந்த இடைவெளிதான் உங்கள் குத்தி நுழைகிற இடம். ஆட்டத்துக்குக் காரணம் அது மட்டுமில்லை. நாலு மூலைச் சட்டத்தைத் தள்ளினால் சாயும், முக்கோணம் சாயாது. தூணில் இரண்டரை அடி, வளையில் இரண்டரை அடி எடுத்து 45 பாகையில் கை கொடுங்கள். கூரையைப் பிரிக்க வேண்டாம். தூணிலும் வளையிலும் அரை அங்குலம் வெட்டி, கையை அதில் உட்கார வைத்துப் போல்ட் போடலாம். வளை ஒட்டுக்குக் கீழே ஒரு தூண் நிறுத்துங்கள். தலை இடித்தால் தூணோடு உரசி நடக்காதீர்கள்!

புதியதற்குக் கழுந்தும் துளையும்தான்: தூண் தலையை ஒடுக்கிச் செதுக்கிய நாக்கு கழுந்து, அது நுழைய வளையில் வெட்டுகிற குழி துளை. கழுந்தின் தடிப்பு மரத்தில் மூன்றில் ஒன்று, உங்களுக்கு 2 அங்குலம். முளை (மர ஆணி) அடிக்கும் சிறு துளையை முதலில் வளையில், குழிக்குக் குறுக்கே போடுங்கள். கழுந்தை நுழைத்துக் குறி வைத்து, வெளியே எடுத்து, குறியிலிருந்து கழுந்தின் தோள் (கழுந்து தொடங்கும் அடிப் படி) பக்கமாக 2 மில்லிமீட்டர் தள்ளித் துளையுங்கள். முளை இறங்க இறங்க மூட்டு தானாக இறுகும். முளையை வாளால் அரிய வேண்டாம். காய்ந்த மரத்தைப் பிளந்து செதுக்குங்கள், நார் அறாது.

களுவாஞ்சிக்குடி:
ஓடாவியார் சொன்னது சரி. ஆனால் திறந்த கொட்டிலில் காற்று அடியில் புகுந்து கூரையைத் தூக்கும். 1978 நவம்பர் 23 அன்று நம் கிழக்குக் கரையை அடித்த சூறாவளியைக் கண்டவர்களுக்குச் சொல்லத் தேவையில்லை. முளையை மட்டும் நம்பாமல் தூணையும் வளையையும் துருப்பிடிக்காத எஃகுப் பட்டியால் கட்டுங்கள். சும்மா இரும்பு என்றால் உப்புக்காற்று தின்றுவிடும்.

திருக்கோவில்காரன்:
நன்றி அண்ணன்மாரே. கைக்கு மரம் பார்த்துவிட்டோம். இந்த முறை காய்ந்தது.