கலைச்சொல் வேண்டும்: உடல் தாளத்தோடு சேர்வதற்கு என்ன பெயர்?

மொழிபெயர்ப்பாளர்:
குழுவினருக்கு வணக்கம். கல்லூரி உளவியல் நூலில் இசை பற்றிய இயலை வெள்ளிக்கிழமைக்குள் தமிழில் தர வேண்டும். 'என்ட்ரெய்ன்மென்ட்' என்ற சொல்லில் நிற்கிறேன். பாட்டு கேட்கும்போது கால் தானாகத் தட்டத் தொடங்கி, சற்று நேரத்தில் தாளத்தைப் பிடித்துக்கொள்கிறதே, அதுதான். பிறர் மனம் உணரும் இயல்புக்கு இந்தத் திறனோடும், பிறரோடு ஒத்துப்போகும் குணத்தோடும் தொடர்பு இருக்கலாம் என்கிறது பாம்ஃபோர்டு, டேவிட்சன் இருவரின் 2019 ஆய்வு. இருக்கிற சொற்களை வைத்து எழுதினால், 'ஒத்துணர்வு ஒத்துப்போகும் குணத்தோடும் ஒத்திசைவோடும் ஒத்துவருகிறது' என்று வருகிறது. படிக்கும் பிள்ளைக்கு என்ன விளங்கும்?

தமிழாசிரியர்:
ஒத்திசைவை விடுங்கள் அம்மா, அது சுரங்கள் சேர்ந்தொலிக்கும் ஹார்மனிக்குப் போய்விட்டது. யாப்பில் இல்லாததா? சீரும் சீரும் சேருமிடம் தளை. வெண்பாவில் மாமுன் நிரை, விளமுன் நேர் என்று நின்ற சீரின் ஈற்றசை வரும் சீரின் முதலசையை முடிவுசெய்கிறது. அடுத்த தட்டு எங்கே விழும் என்று அறிந்து கால் முந்திக்கொள்வதும் அதே கட்டுதான். 'தாளத்தளை' என்பேன்.

உளவியல் பேராசிரியர்:
ஐயா, என் வகுப்பில் தளை என்றால் விலங்குதான். 'லயம்' என்றே வைக்கலாமே. லயித்துப்போவது யாருக்குத் தெரியாது?

தமிழாசிரியர்:
லயம் வடசொல். சிலப்பதிகாரத்தின் அரங்கேற்று காதை 'ஆடலும் பாடலும் பாணியும் தூக்கும்' என்கிறது. பாணி என்றால் தாளம்.

உளவியல் பேராசிரியர்:
வடமொழியிலும் பாணி உண்டு ஐயா, கை என்ற பொருளில்.

தமிழாசிரியர்:
பண்ணிலிருந்து பாணி வந்திருக்கலாம். பண், பாணன், பாணி என்று ஒரு குடும்பமாகவே எனக்குத் தெரிகிறது. கையைத் தேடி ஏன் போக வேண்டும்?

இசை ரசிகர்:
'ஒத்தசைவு' எளிதாக இருக்கிறதே? நாகசுரத்துக்குப் பக்கத்தில் ஒத்து என்றே ஒரு கருவி உண்டு. ஆனால் அது பிடிப்பது சுருதி, தாளமல்ல. அதையும் யோசிக்க வேண்டும்.

உளவியல் பேராசிரியர்:
'அசைவு' வேண்டாம். பின்லாந்தின் யுவாஸ்கூலா பல்கலைக்கழக ஆய்வுகளைப் பாருங்கள். புறமுக இயல்பினர், அதாவது பிறரோடு கலகலப்பாகப் பழகுவோர், அதிகம் அசைகிறார்கள் என்றது 2010 ஆய்வு. வேகத்தில் வரும் சிறு மாற்றத்தைக் கவனித்து ஆட்டத்தை மாற்றிக்கொள்வோரிடம் புறமுகம் குறைவு, கடமையுணர்வு அதிகம் என்றது 2016 ஆய்வு. நிறைய ஆடுபவர் வேறு, தாளத்தைத் தொடர்பவர் வேறு. இந்தக் கருத்தின் உயிரே அந்த வேறுபாடுதான்.

இயற்பியல் படித்தவர்:
'ஒத்து' என்பதும் பொருந்தாது. 1665இல் டச்சு அறிவியலாளர் ஹைகன்ஸ் ஒரே சட்டத்தில் தொங்கிய இரண்டு ஊசல் கடிகாரங்களைக் கவனித்தார். அரைமணி நேரத்துக்குள் இரண்டும் ஒரு கதிக்கு வந்தன, ஆனால் எதிரெதிர்த் திசையில் ஆடின. அதற்கு அவர் வைத்த பெயரே பரிவு என்ற பொருள்படும் சொல்! நடுவில் இருந்த சட்டம்தான் இரண்டையும் பிணைத்தது. 'தாளப்பிணைப்பு' சரியாக இருக்கும்.

இசை ரசிகர்:
பிணைத்தல் பிறவினை. கால் தானாகப் போய்ச் சேர்கிறது, யாரும் கட்டிவிடவில்லை. தன்வினையில் 'தாளப்பிணைவு' என்போம்.

உளவியல் பேராசிரியர்:
ஏற்கிறேன். பிறர் மனம் உணரும் எம்பதிக்கு ஒத்துணர்வே இருக்கட்டும். ஒத்துப்போகும் குணத்தை 'இணக்கம்' என்று மாற்றிவிட்டால் குழப்பம் தீரும்.

மொழிபெயர்ப்பாளர்:
'ஒத்துணர்வு இணக்கத்தோடும் தாளப்பிணைவோடும் தொடர்புடையதாக இருக்கலாம்.' வாசிக்க வருகிறது. வேறு மறுப்பு இல்லையென்றால் இதையே அனுப்புகிறேன். எல்லோருக்கும் நன்றி.

தமிழாசிரியர்:
மறுப்பு உண்டு. பெயராக நிற்கிறது, வினையாக ஓடவில்லை. கனடாவின் மக்மாஸ்டர் பல்கலைக்கழகத்தில் 14 மாதக் குழந்தைகளை இசைக்கேற்ப ஏந்தி ஆட்டினார்கள். எதிரே நின்றவரும் அதே கதியில் ஆடியபோது, பின்னர் அவர் தவறவிட்ட பொருளை எடுத்துக் கொடுக்கக் குழந்தைகள் கூடுதலாக முன்வந்தன. இதை எழுதும்போது 'குழந்தை தாளத்தோடு பிணைந்தது' என்பீர்களா? எனக்கு நாக்கு வரவில்லை. உங்கள் நூலில் பிணைவு இருக்கட்டும், என் மாணவருக்குத் தளை என்றே சொல்வேன்.